அது கணக்கில்லை உம்மா, நண்டு

போன சனிக்கிழமை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் என் மனம் கொஞ்சமாவது ஆறும்.

மகனுக்குப் பத்து வயது, ஐந்தாம் தரம். என் வாப்பாவின் வள்ளம் கரைக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் வீட்டில் நிற்கமாட்டான், நண்டு கழற்ற ஓடிவிடுவான். வலையிலிருந்து நண்டைக் கழற்றுவது லேசான வேலையில்லை. கால் ஒடிந்தால் விலை இறங்கிவிடும், அவசரப்பட்டால் கையைக் கடித்துவிடும். அன்றைக்குப் பட்டதை எடுக்க வந்த வியாபாரி தராசில் போட்டார். மூன்றே முக்கால் கிலோ. கிலோ ஆயிரத்து இருநூறு. அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் கணக்குப் போடுவதற்கு முன்னமே மகன் சொல்லிவிட்டான்: "நாலாயிரத்து ஐந்நூறு." எப்படி என்று அவர் கேட்டார். "நாலு கிலோண்டா நாலாயிரத்து எண்ணூறு. கால் கிலோ குறையுது. முந்நூறைக் கழிச்சாச் சரி."

வியாபாரி போனில் தட்டிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. வாப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பின்னேரம் அதே பிள்ளை பாயில் உட்கார்ந்து புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் ஒன்றைச் செய்துகொண்டிருந்தான். ஒரு கிலோகிராம் கரட்டின் விலை 360 ரூபா எனின் 2 கிலோகிராம் 750 கிராம் கரட்டின் விலை யாது? அவன் எழுதியிருந்தது 1,470. எங்கிருந்து வந்தது இந்த 1,470 என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் பிடிபட்டது. 360ஐ இரண்டால் பெருக்கி 720 எடுத்திருக்கிறான், அதோடு 750ஐக் கூட்டிவிட்டான். ரூபாயையும் கிராமையும் ஒன்றாகப் போட்டுக் கூட்டியிருக்கிறான்!

"மகன், காலையில மூன்றே முக்கால் கிலோவுக்குக் காசு சொன்னீங்களே. இது இரண்டே முக்கால் கிலோ. அதே மாதிரிச் செய்யலாமே" என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "அது கணக்கில்ல உம்மா, நண்டு" என்றான்.

அதைச் சொல்லும்போது அவன் குரலில் விளையாட்டில்லை. ஐந்து வருடம் பாடசாலைக்குப் போய் அவன் உண்மையாகவே கற்றுக்கொண்ட விஷயம் அது. கரையில் செய்வது ஒன்று, கொப்பியில் செய்வது வேறொன்று. முதலாவதில் யோசிக்கலாம். இரண்டாவதில் டீச்சர் சொன்ன படிமுறை நினைவுக்கு வரவேண்டும். வரவில்லையென்றால் கண்ணில் படும் இலக்கங்களை எல்லாம் கூட்டு, இல்லையென்றால் பெருக்கு. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் முன்பள்ளி ஆசிரியை. மூன்றரை வயதில் என்னிடம் வரும் பிள்ளைகளை ஐந்து வயது வரை பார்க்கிறேன். எண் எழுதத் தெரியாத அந்த வயதிலேயே இந்தக் கரைப் பிள்ளைகளுக்கு எவ்வளவு தெரிகிறது என்று எனக்குத் தெரியும். சோகியை ஆளுக்குச் சமமாகப் பங்கு வைக்கத் தெரியும். மீன் கூறுகளில் எது பெரிசு என்று கண்ணாலேயே சொல்லத் தெரியும். இரண்டு இரண்டாக எண்ணத் தெரியும், ஏனென்றால் பெரியவர்கள் அப்படி எண்ணுவதைத்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் பாதிப்பேர் நான்காம் தரத்தில் "எனக்குக் கணிதம் ஏறாது டீச்சர்" என்று என்னிடமே வந்து சொல்கிறார்கள். இடையில் என்ன நடக்கிறது?

முன்பள்ளி டிப்ளோமா படிக்கும்போது ஓர் ஆய்வைப் பற்றி வாசித்தேன். பிரேசிலில் ரெசிபே என்ற துறைமுக நகரம். தெருவில் தேங்காயும் பழமும் விற்கும் ஐந்து பிள்ளைகளிடம் டெரேசினா கராஹர், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் என்ற மூன்று ஆய்வாளர்கள் வாடிக்கையாளர்கள் போலப் போய்ச் சாமான் வாங்கிக் கணக்குக் கேட்டார்கள். பிறகு அதே எண்களை வைத்துப் பென்சிலும் தாளும் கொடுத்துக் கேட்டார்கள். தெருவில் நூற்றுக்கு 98 விடை சரி. கதைக் கணக்காக எழுதிக் கொடுத்தபோது 74. வெறும் எண்ணாக, பெருக்கல் குறியோடு கொடுத்தபோது 37. இது வெளிவந்தது 1985இல். நான் பிறப்பதற்கும் எட்டு வருடம் முன்னால்.

அதில் ஒரு பிள்ளையை என்னால் மறக்க முடிவதில்லை. பன்னிரண்டு வயது. ஒரு தேங்காய் 35 குருசேரோ. நான்கு தேங்காய் எவ்வளவு என்று கேட்டால், மூன்று தேங்காய் 105, அதோடு ஒரு 35, ஆக 140 என்கிறான். அவனுக்கு முன்னால் தாளை வைத்து 35ஐ நான்கால் பெருக்கச் சொன்னார்கள். நாலைந்து இருபது, மிச்சம் இரண்டு, இரண்டும் மூன்றும் ஐந்து, ஐநாலு இருபது. 200 என்று எழுதிவிட்டான். தெருவில் 140 குருசேரோப் பொருளுக்கு 200 கேட்டிருந்தால் வாங்க வந்தவர் சண்டைக்கு வந்திருப்பார், அவனே சிரித்திருப்பான். தாளில் எழுதும்போது அப்படி ஒரு சந்தேகம் அவனுக்கு வரவேயில்லை. என் மகனுடைய 1,470 இந்த 200இன் தம்பி. ஒரு கிலோ 360 என்றால் மூன்று கிலோவே 1,080தான். மூன்று கிலோ கூட இல்லாத கரட்டுக்கு 1,470 எப்படி வரும்? கரையில் நின்றிருந்தால் அவன் கேட்டிருப்பான்.

இந்த மூன்று பேரும் பிற்பாடு மீனவர்களிடமும் போனார்கள். 1993இல் வந்த அவர்களுடைய புத்தகத்தில் அது இருக்கிறது. கடலில் பிடித்ததைக் கழுவி, ஓடு நீக்கி, காயவைத்த பிறகு எவ்வளவு எடை மிஞ்சும் என்ற கணக்கு. அதிகம் படிக்காத அந்த மனிதர்கள் தங்களுக்குப் பழக்கமில்லாத விகிதத்திலும் அதைச் சரியாகச் செய்தார்கள். கணக்கைத் தலைகீழாகத் திருப்பி, இவ்வளவு காய்ந்தது வேண்டுமென்றால் எவ்வளவு பச்சை வேண்டும் என்று கேட்டாலும் செய்தார்கள். வாசித்தபோது எனக்கு என் உம்மாதான் நினைவுக்கு வந்தார். மூன்றாம் வகுப்போடு நின்றவர். நெத்தலி காயப்போடுவார். "மூணுக்கு ஒண்ணு, நல்ல வெயில் இருந்தா. மப்புண்டா பொறுக்கிக் கழிச்சு அதுக்கும் கீழதான்" என்பார். பச்சை நெத்தலி கிலோ 400 என்றால், காய்ந்த ஒரு கிலோவுக்குள் 1,200 ரூபாய் மீன் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அதற்கு மேல் உப்பு, பாய், தன் உடம்பு நோவு. எந்த விலைக்குக் கீழே இறங்கக் கூடாது என்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. விகிதசமன் என்ற பெயரில் இதையே மேல் வகுப்பில் படிப்பிக்கிறார்கள். உம்மாவைக் கூப்பிட்டு ஒருநாள் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

பிரேசில் தூரம் என்று சொல்பவர்களுக்கு இன்னொன்று. 2025இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூப்லோ முதலானோர் செய்தது. கொல்கத்தாவிலும் டில்லியிலும் சந்தையில் வேலை செய்யும் 1,400க்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்தார்கள். கடையில் மனக்கணக்காக எல்லாம் வருகிறது, பாடசாலை முறையில் கேட்டால் வருவதில்லை. ரெசிபேயில் ஐந்து பிள்ளைகளிடம் கண்டது, நாற்பது வருடம் கழித்து ஆயிரக் கணக்கில். அத்தோடு இன்னொன்றையும் பார்த்தார்கள். பாடசாலைக்கு மட்டும் போகும் பிள்ளைகளிடம் சந்தைக் கணக்கைக் கேட்டார்கள். தாளில் கொஞ்சம் நன்றாகச் செய்யும் அந்தப் பிள்ளைகள் கடைக்காரராக நிற்கச் சொன்னால் திணறினார்கள். ஆகவே என் ஆதங்கம் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகளைப் பற்றியது மட்டும் இல்லை. நகரத்தில் தொண்ணூற்றைந்து புள்ளி எடுக்கும் பிள்ளைக்கும் கடைக் கணக்குக்கும் தாள் கணக்குக்கும் இடையில் பாலம் போடப்படவில்லை. கரைப் பிள்ளையைப் படிக்க விடாமல் வேலைக்கு அனுப்புங்கள் என்றும் நான் சொல்லவில்லை. கரையிலேயே இருந்துவிட்டால் நண்டுக் கணக்கைத் தாண்டி அவனுக்கு வேறெதுவும் கிடைக்காது. பின்னமும் தசமமும் அட்சரகணிதமும் அவனுக்கு வேண்டும். அவனிடம் ஏற்கெனவே இருப்பதன் மேல் நின்று அதைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஆராய்ச்சி எங்கள் இலங்கைக்கு எட்டவில்லை என்று சொன்னால் அது பொய். எட்டியது. நானே அதற்குச் சாட்சி.

1999 ஜனவரியில் நான் முதலாம் தரத்துக்குப் போனேன். அதற்கு முந்தின வருடம் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சித்துப் பார்த்துவிட்டு, ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தை நாடு முழுக்கக் கொண்டுவந்த வருடம் அது. முதலாம் இரண்டாம் தரம் முதன்மை நிலை ஒன்று, மூன்றும் நான்கும் இரண்டு, ஐந்தாம் தரம் மூன்று. கற்பிக்கும் முறையும் மூன்று: விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை. சின்ன வகுப்பில் விளையாட்டே முதன்மை. பரீட்சைப் புள்ளிக்குப் பதிலாகத் தேர்ச்சிகள். எட்டு வருடத்துக்கு ஒருமுறை பாடத்திட்டத்தை மீள்பார்வை செய்வது என்ற ஒழுங்கும் பிற்பாடு வந்தது. 2007இல் மேல் வகுப்புகளுக்கு 'ஐந்து ஈ' (5E) என்ற ஐந்து கட்டக் கற்பித்தல் முறை வந்தது, 2015இல் இன்னொரு சுற்று. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசிய கல்வி ஆராய்ச்சி மதிப்பீட்டு நிலையம் 2003இலிருந்து பல தடவை நான்காம் தரப் பிள்ளைகளின் முதன்மொழி, கணிதம், ஆங்கிலம் மூன்றையும் நாடளாவிய அளவில் சோதித்து அறிக்கை எழுதியிருக்கிறது. கிராமத்துக்கும் நகரத்துக்கும் இடையிலுள்ள பள்ளம் அந்த அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. தெரியாமல் யாரும் இல்லை.

எங்கள் முதலாம் தர வகுப்பறையில் ஒரு மூலையில் கடை இருந்தது. வெறும் மைலோ டின், சவர்க்காரப் பெட்டி, தீப்பெட்டி, மட்டையில் வெட்டிய காசு. அதற்குப் பக்கத்தில் புளியங்கொட்டை போட்ட போத்தல். நான் கடைக்காரி ஆகும் நாளுக்காக இரவெல்லாம் காத்திருப்பேன். மிச்சக் காசு கொடுப்பதில் எனக்கு அவ்வளவு சந்தோசம். வாப்பா கரையில் செய்வதைத்தான் நான் வகுப்பில் செய்கிறேன் என்று அந்த வயதில் எனக்கே தெரிந்திருந்தது. எங்களுடைய டீச்சர், அவர் மனம் நிறைய வாழட்டும், ஒருநாள் உண்மையான தராசு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒரு தட்டில் புளியங்கொட்டை, மறுதட்டில் சோகி. நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பார்த்தோம்.

மூன்றாம் தரத்தில் கடை சுருங்கியது. நான்காம் தரத்தில் அந்த மூலையில் அலுமாரி வந்தது. ஐந்தாம் தரத்தில் என்ன இருந்தது என்று எனக்கு எதுவுமே நினைவில்லை, வினாத்தாள்களைத் தவிர.

ஆனால் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை யாரும் தொடவில்லை. கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்விக் காலத்தில், ஏழைப் பிள்ளை நல்ல பாடசாலைக்குப் போக ஒரு வழி இருக்கட்டும் என்று வந்த பரீட்சை அது. நல்ல நோக்கம்தான், அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இன்றைக்கு வருடத்துக்கு மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதுகிறார்கள், உதவிப்பணம் கிடைப்பது 20,000 பேர் அளவுக்கு. பெரும்பாலான பிள்ளைகள் பத்து வயதில் வெட்டுப்புள்ளிக்குக் கீழே என்ற பெயரோடு வீட்டுக்கு வருகிறார்கள். 2003இல் நானும் அப்படித்தான் வந்தேன். அன்றைக்கு உம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை, தலையைத் தடவிக்கொடுத்தார். ஆனாலும் எனக்குக் கணக்கு வராது என்று அன்றைக்கு நான் முடிவு கட்டியது முப்பது வயது வரைக்கும் என்னோடு வந்தது. மிச்சக் காசு கொடுப்பதில் சந்தோசப்பட்ட பிள்ளைதான் நான்.

பாடத்திட்டத்தை எத்தனை தரம் மாற்றினாலும் கடைசியில் ஐந்தாம் தரப் பேப்பர்தான் படிப்பிக்கும் முறையைத் தீர்மானிக்கிறது. விளையாட்டுக்கு என்று ஒதுக்கிய நேரத்தைச் செயலட்டை தின்கிறது. மூன்றாம் தரத்திலேயே மேலதிக வகுப்பு தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குப் பிள்ளைகள் அரைத் தூக்கத்தில் மோட்டார் சைக்கிளின் பின் சீற்றில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். நானும்தான் அனுப்புகிறேன். அனுப்பாமல் இருக்க எனக்குத் துணிவில்லை. பக்கத்து வீட்டு ராத்தா கேட்கிறார், "நீங்களே டீச்சர், நீங்களே பிள்ளைய விட்டுட்டா எப்படி?" அவருக்கு என்ன பதில் சொல்ல?

இனிச் சிவப்பு மையைப் பற்றி ஒன்று. மகன் மூன்றாம் தரத்தில் இருந்தபோது கொப்பியில் 1,000இலிருந்து 640ஐக் கழிக்க வேண்டியிருந்தது. 360 என்று நேரே விடை எழுதியிருந்தான். பக்கத்தில் சிறிதாக 60, 300 என்று இரண்டு எண். 640க்கு அறுபது போட்டால் எழுநூறு, எழுநூறுக்கு முந்நூறு போட்டால் ஆயிரம். கடையில் மிச்சக் காசு எண்ணிக் கொடுப்பதைப் பார்த்த எந்தப் பிள்ளையும் செய்யும் முறை. விடை சரி. அதற்கு மேலே சிவப்பு மையில் ஒரு குறுக்குக் கோடு, கீழே "படிமுறை எங்கே?" பக்கத்து வீட்டில் கடன் வாங்கி, பூச்சியத்தைப் பத்தாக்கி, பத்தை ஒன்பதாக்கிக் கழித்துக் காட்டவில்லை என்பது குற்றம்.

நான் அந்த டீச்சரைப் போய்ப் பார்த்தேன். சண்டைக்குப் போகவில்லை, கேட்கத்தான் போனேன். பாவம், களைத்துப் போயிருந்தார். வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். பாடத்தை இந்தக் கிழமைக்குள் முடித்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். "எல்லாப் பிள்ளையும் ஒவ்வொரு விதமாச் செஞ்சா நான் எப்படித் திருத்துவன்? மேல இருந்து வந்து பார்த்தா என்னைத்தானே கேப்பாங்க" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. முப்பத்தெட்டுக் கொப்பியில் முப்பத்தெட்டு வழி என்றால் ஒவ்வொன்றையும் படித்து விளங்க நேரம் வேண்டும், விளங்குவதற்குப் பயிற்சியும் வேண்டும். புதிய பாடத்திட்டம் வரும்போதெல்லாம் ஆசிரியருக்குக் கிடைப்பது சில நாள் செயலமர்வும் ஒரு வழிகாட்டிப் புத்தகமும். ஒரு பிள்ளை ஏன் இப்படி யோசித்தது என்று கண்டுபிடிப்பதை மூன்று நாள் செயலமர்வில் யார் கற்றுக்கொள்ள முடியும்? கோபத்தோடு போன நான் அவருக்காகவும் வருந்திக்கொண்டு திரும்பினேன்.

தமிழில் படிக்கும் பிள்ளைக்கு மட்டும் வருகிற ஒரு கல்லும் வழியில் கிடக்கிறது. இதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. 940ஐ எழுதச் சொன்னால் மகன் இரண்டாம் மூன்றாம் தரங்களில் 1040 என்று எழுதுவான். முதலில் கவனக்குறைவு என்று ஏசினேன். பிறகு என் முன்பள்ளியில் படித்துப் போன வேறு பிள்ளைகளின் கொப்பியிலும் அதையே கண்டேன். வாயால் சொல்லிப் பாருங்கள். தொள்ளாயிரத்து நாற்பது. உள்ளே 'ஆயிரம்' கேட்கிறது. தொண்ணூற்று மூன்று என்றால் உள்ளே 'நூறு' கேட்கிறது. எண்பது வரைக்கும் ஒழுங்காக வந்த தமிழ், ஒன்பதுக்கு வந்ததும் அடுத்த வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. சிங்களத்தில் தொள்ளாயிரம் 'நவசியய', நேராக ஒன்பது நூறு. அங்கே படிக்கும் பிள்ளை இந்த இடத்தில் இடறுவதற்கு ஒன்றும் இல்லை. எங்கள் பாடநூல்களில் பெரும்பாலானவை சிங்களத்தில் எழுதப்பட்டுத் தமிழுக்கு வருபவை. மொழிபெயர்ப்பவர் சொல்லை மாற்றுவார். தமிழ்ப் பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி விழும் என்பது மூலத்தில் இல்லாதபோது அவர் எப்படிச் சேர்ப்பார்? பெரிய செலவு பிடிக்கும் காரியமில்லை இது. தொண்ணூறுக்கும் தொள்ளாயிரத்துக்கும் இரண்டு பாடம் கூடுதலாக, பத்துக் கட்டுகளையும் நூற்றுக் கட்டுகளையும் பிள்ளையின் கையில் கொடுத்து, ஒன்பது கட்டை எண்ணி அடுக்கவிட்டால் போதும். நான் இப்போது என் சின்னப் பிள்ளைகளுக்கு ஈர்க்கில் கட்டு வைத்து அதைத்தான் செய்கிறேன்.

நம் மொழியில் ஒரு காலத்தில் எண்ணும் அளவும் சேர்ந்தே படிக்கப்பட்டன. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்று படித்த கதையைச் செந்தில் பாபு ஆராய்ந்து 2022இல் ஆங்கிலத்தில் பெரிய புத்தகமாகவே எழுதியிருக்கிறார். நெல் அளப்பவரும் பொன் நிறுப்பவரும் ஊரில் இருந்தார்கள், பிள்ளை படித்த கணக்குக்கு ஊரில் வேலை இருந்தது. அந்தத் திண்ணையில் என்னைப் போன்ற பெண்பிள்ளைக்கும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கும் இடம் கிடைத்திருக்காது என்பதையும் மறக்கவில்லை. அந்தக் காலம் திரும்பி வரவேண்டாம். கணக்கும் ஊரும் ஒன்றையொன்று அறிந்திருந்தன என்ற அந்த ஒன்று மட்டும் வந்தால் போதும்.

கணக்கை வாழ்க்கையோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்க அமெரிக்காவில் 1929இல் ஒருவர் துணிந்து பார்த்தார். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில் பாடசாலைகளுக்குப் பொறுப்பாக இருந்த பெனசெட். சில பாடசாலைகளில் கீழ் வகுப்புகளிலிருந்து முறைசார்ந்த கணக்குப் பயிற்சியை எடுத்துவிட்டார். அதற்குப் பதிலாகப் பிள்ளைகளைப் பேச வைத்தார். நீளம், தூரம், காசு, நேரம் எல்லாவற்றையும் ஊகித்துச் சொல்ல வைத்தார். ஆறாம் வகுப்பளவில் கணக்கைத் தொடங்கிய அந்தப் பிள்ளைகள் ஒரு வருடத்துக்குள் மற்றவர்களை எட்டிவிட்டார்கள் என்று 1935, 36இல் எழுதினார். முழுக்க அவர் செய்தது போலச் செய்யவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரே நகரத்தில் ஒருவர் செய்த முயற்சி, காலமும் வேறு. ஆனால் அவர் எந்தப் பாடசாலைகளைத் தெரிந்தெடுத்தார் என்பதைப் படித்தபோது என் நெஞ்சு அடைத்தது. பெற்றோரில் பத்தில் ஒருவருக்குக்கூட ஆங்கிலம் தாய்மொழியில்லாத, வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறிய உழைப்பாளிகளின் பாடசாலைகள். படித்த பெற்றோரென்றால் எதிர்ப்பார்கள், இவர்கள் கேட்கமாட்டார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். கேட்கத் தெரியாதவர்களின் பிள்ளைகள்மேல் எதையும் செய்து பார்க்கலாம். அன்றைக்கு அது நல்லதாக முடிந்தது. எப்போதும் அப்படி முடியும் என்று இருந்துவிட முடியுமா? எங்கள் கரையிலும் பெற்றோர் கேட்பதில்லை. "டீச்சர்மாருக்குத் தெரியாததா" என்று சொல்லி எழுந்து போய்விடுகிறோம்.

இந்த வருடம், 2026இல், சின்ன மகள் முதலாம் தரம். திரும்பவும் புதிய பாடத்திட்டம். ஆறாம் தரத்துக்கும் சேர்த்துத் தொடங்குவதாக இருந்து, அது 2027க்குப் போய்விட்டது. மகளுடைய வகுப்பில் திரும்பவும் விளையாட்டும் செயற்பாடும் பேசப்படுகிறது. நான் சந்தோசப்படுகிறேன், உண்மையாகவே. எனக்கு அந்தக் கடை மூலை நினைவுக்கு வருகிறது. பயமும் வருகிறது. ஒரே வீட்டில் மகள் சோகி எண்ணிக்கொண்டிருக்கிறாள், இரண்டு முழம் தள்ளி மகன் வினாத்தாளில் கரட் விலையோடு மல்லுக்கட்டுகிறான். நான்கு வருடத்தில் இவளும் அந்தப் பாய்க்கு வந்து உட்காருவாள் என்றால் இந்தச் சோகி எதற்கு?

அந்தச் சனிக்கிழமை இரவு வினாத்தாளை எடுத்துவைத்துவிட்டு மகனை அடுப்படிக்குக் கூப்பிட்டேன். "கரட்ட விடுங்க. நண்டு கிலோ 360. இரண்டே முக்கால் கிலோ நிறுத்தாச்சு. எவ்வளவு?" கொஞ்சம் யோசித்தான். "மூணு கிலோ ஆயிரத்து எண்பது. கால் கிலோ தொண்ணூறு. தொள்ளாயிரத்துத் தொண்ணூறு." பிறகு முகம் சுழித்து, "நண்டு அவ்வளவு மலிவா விக்காது உம்மா" என்றான். சொன்ன விடையை அப்படியே எழுதச் சொன்னேன். 1,080, அதற்குக் கீழே 90, கழித்தால் 990. எழுதிவிட்டுக் கேட்டான், "இப்படி எழுதினா டீச்சர் சரி போடுவாவா?"

தெரியாது மகன் என்றேன்.

வருகிற வியாழக்கிழமை பெற்றோர் கூட்டம். வழமையாகக் கூரை, தண்ணீர்த் தாங்கி, இல்ல விளையாட்டுப் போட்டி என்று பேசி முடித்துவிடுவோம். இந்த முறை நான் எழுந்து பேசப்போகிறேன். ஒன்று மட்டும் கேட்பேன்: கிழமையில் ஒரு பாடவேளை, பிள்ளைகள் தாங்கள் எப்படிக் கணக்குப் பார்த்தோம் என்று வாயால் சொல்ல, அதைக் கரும்பலகையில் எழுத. வாப்பாவின் பழைய தராசு வீட்டுப் பின்புறத்தில் கிடக்கிறது, டிஜிட்டல் தராசு வந்த பிறகு யாரும் தொடாமல். ஒரு தட்டு நசுங்கியிருக்கிறது, ஆனாலும் முள் சரியாகத்தான் நிற்கும். கூட்டத்துக்குக் கொண்டுபோகட்டுமா என்று வாப்பாவிடம் கேட்டேன். நேற்றுப் பின்னேரம் தேங்காய்ப்பொச்சும் சாம்பலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து அதைத் துலக்கிக்கொண்டிருந்தார்.